மொதல்ல கரண்ட் செலவைக் குறைச்சோம், அப்புறம் தான் சோலார்: பல வருஷம் ஓட்டிப் பாத்த அனுபவம்

சோலார் போடலாமான்னு கேக்கறவங்களுக்கு நான் சொல்றது ஒண்ணு தான், தாராளமா போடுங்க, ஆனா அதுக்கு முன்னாடி வீட்ல கரண்ட் எங்கெங்க போகுதுன்னு பாத்துடுங்க. எங்க வீட்ல அந்த வரிசையில தான் பண்ணோம், பல வருஷம் ஆச்சு, பேனலுக்கு முன்னாடி பண்ண வேலை தான் ரொம்ப பலன் குடுத்துச்சுன்னு இப்ப உறுதியா சொல்ல முடியும். நிலக்கரியில ஓடற மின் நிலையத்துல எரிக்கற சூட்டுல சுமாரா மூணுல ஒரு பங்கு தான் கரண்டா மாறுது, புதுசா கட்டினதுன்னா 40 சதவீதம் தாண்டும், மீதியெல்லாம் சூடாவே வெளிய போயிடுது, அப்புறம் கம்பியில வர வழியில வேற கொஞ்சம் போகும். அப்ப நம்ம வீட்ல ஒரு யூனிட் மிச்சம் பிடிச்சா அங்க கிட்டத்தட்ட மூணு யூனிட் சூட்டுக்கான நிலக்கரி எரியாம நிக்குது, காத்துல கலக்கற கார்பன் டை ஆக்சைடும் ஒரு கிலோ அளவுக்கு குறையுது.

ஆரம்பிச்சது ஃபேன்ல. பழைய ஃபேன் ராத்திரி பூரா ஓடின பிறகு ஸ்டூல் போட்டு ஏறி நடுவுல இருக்கற மோட்டார் மேல கை வச்சுப் பாருங்க (ஆஃப் பண்ணிட்டு தான்), நல்லா சுடும். அந்த சூடு பூரா நாம காசு குடுத்து வாங்கின கரண்ட், காத்தா மாறாம வீணாப் போனது, அதுவும் நாம குளுமைக்காக ஃபேன் போட்ட அதே ரூமுக்குள்ளயே. பிஎல்டிசி ஃபேன் (காந்தம் வச்ச, கம்மி கரண்ட் இழுக்கற மோட்டார் உள்ள ஃபேன்) மாத்தின பிறகு அதே மாதிரி கை வச்சுப் பாத்தா லேசா வெதுவெதுன்னு இருக்கு அவ்ளோதான். பழசு 75 வாட் இழுக்கும், இது ஃபுல் ஸ்பீடுல 30 வாட் பக்கத்துல, கம்மி ஸ்பீடுல வச்சா 10 வாட்டுக்கும் கீழ. குறைன்னு சொன்னா ரிமோட் தொலைஞ்சா கஷ்டம், வோல்டேஜ் ரொம்ப ஏறி இறங்கற இடத்துல உள்ள இருக்கற சர்க்யூட் போர்டு போறதுக்கு வாய்ப்பு இருக்கு, எங்களுக்கு ஒண்ணு போச்சு, வாரண்டியில மாத்திக் குடுத்தாங்க. வாங்கும்போது போர்டு தனியா கிடைக்குமான்னு கேட்டுக்கோங்க.

லைட்டு பத்தி நீட்ட வேண்டியதில்ல, 60 வாட் குண்டு பல்பு குடுத்த வெளிச்சத்தை 9 வாட் எல்இடி குடுக்குது. நீல எல்இடி இல்லாம வீட்டுக்கு ஏத்த வெள்ளை எல்இடி வந்திருக்காது, அந்த நீல எல்இடியைக் கண்டுபிடிச்சதுக்காக அகாசாகி, அமானோ, நகமுரா மூணு பேருக்கும் 2014ல இயற்பியல் நோபல் குடுத்தாங்க, என்னைக் கேட்டா அது கரண்ட் மிச்சத்துக்கே குடுத்த பரிசு.

ஏசி தான் பெரிய தீனிக்காரன். இன்வெர்ட்டர் ஏசி மாத்தினது உதவுச்சு, ஆனா அதை விட மொட்டைமாடிக்கு வெள்ளை கூலிங் பெயிண்ட் அடிச்சதும், மேற்கு பக்க ஜன்னலுக்கு வெளிய நிழல் கட்டினதும் தான் நிஜமாவே தெரிஞ்சுது. உள்ள திரை போடறதுக்கும் வெளிய நிழல் கட்டறதுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கு, திரையில வெயில் படறப்பவே அது கண்ணாடியைத் தாண்டி உள்ள வந்தாச்சு, அப்புறம் அந்த சூட்டை வெளிய தள்ள ஏசி தான் உழைக்கணும்.

இதெல்லாம் முடிச்சுட்டு சோலார் கணக்கு போட்டப்ப, மொதல்ல நினைச்சதை விட சின்ன சிஸ்டமே போதும்னு ஆச்சு. வெயில் நல்லா அடிக்கற இடத்துல ஒரு கிலோவாட் பேனல் ஒரு நாளைக்கு சராசரியா 4 யூனிட் குடுக்கும்னு வச்சுக்கலாம். நல்ல கோடை மத்தியானத்துல தான் அதிகம் வரும்னு நிறைய பேர் நினைக்கறாங்க, அப்படி இல்லீங்க, பேனலோட வாட் கணக்கு 25 டிகிரி சூட்டுல எடுத்தது, அதுக்கு மேல ஏறற ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3ல இருந்து 0.4 சதவீதம் வரைக்கும் குறையும், மொட்டைமாடியில பேனல் 60 டிகிரி தொடறது சாதாரணம், அப்ப பத்து சதவீதத்துக்கு மேலயே போயிடுது. மழை விட்டு வானம் துடைச்ச மாதிரி இருக்கற நாள்ல, லேசா காத்தும் அடிச்சா, சோலார் ஆப்ல கரண்ட் கிராஃப் எவ்ளோ உசரம் போகுதுன்னு பாக்கவே ஆசையா இருக்கும். பேனலுக்கு அடியில காத்து போறதுக்கு இடம் விடச் சொல்றது இதனால தான்.

நிழல் விஷயத்துல தான் எங்களுக்கு ஒரு தலைவலி. மாட்ட வந்தவங்க தண்ணி டேங்க் நிழல் பிரச்சனை பண்ணாதுன்னு அடிச்சு சொன்னாங்க. வருஷத்துல சில மாசம் சூரியன் சாஞ்சு போறப்ப சாயங்காலம் அந்த நிழல் ஒரே ஒரு பேனல் ஓரத்துல ஏறும், உடனே கிராஃப் படிக்கட்டு மாதிரி பொத்துனு இறங்கும். எல்லாத்தையும் வரிசையா கோத்து இருக்கறதால ஒரு பேனல் மூச்சு திணறுனா மத்ததையும் இழுக்குது, உள்ள இருக்கற பைபாஸ் டயோடு (நிழல் விழுந்த பகுதியை விட்டு கரண்டை சுத்தி அனுப்பற சின்ன பாகம்) ஓரளவுக்கு தான் காப்பாத்தும். கடைசியில அந்த ஒரு பேனலை இடம் மாத்தி வச்சோம். ஸ்டாண்டு அடிக்கறதுக்கு முன்னாடியே கோடைக்கும் குளிர்காலத்துக்கும் நிழல் எங்க விழும்னு எழுதி வாங்கிக்கோங்க.

பேனல் வருஷத்துக்கு அரை சதவீதம் போல தான் தேயும், 25 வருஷம் வாரண்டி குடுக்கறாங்க. அத்தனை நாள் தாங்காதது, பேனல் கரண்டை வீட்டுக்கு ஏத்த மாதிரி மாத்திக் குடுக்கற சோலார் இன்வெர்ட்டர் தான், பத்து பன்னெண்டு வருஷத்துல மாத்த வேண்டி வரும்னு இப்பவே மனசுல வச்சுக்கணும். தூசி படிஞ்சா காலையில பேனல் சூடாகறதுக்கு முன்னாடி வெறும் தண்ணி ஊத்தி துடைச்சா போதும். இன்னொண்ணு, பேட்டரி இல்லாத ஆன்-கிரிட் (கிரிட்னா ஊருக்கு கரண்ட் குடுக்கற மின் லைன், அதோட இணைச்சது) சிஸ்டம்னா கரண்ட் போனா சோலாரும் நின்னுடும், லைன்ல வேலை பாக்கறவங்க உயிருக்கு ஆபத்து வரக்கூடாதுன்னு அப்படி வச்சிருக்காங்க. இதை முன்னாடியே சொல்லாம வித்துட்டுப் போறவங்க நிறைய பேர், எனக்கு அதுல ரொம்ப வருத்தம்.

பெட்ரோல் தான் அடுத்தது. ஒரு லிட்டர் பெட்ரோல்ல சுமார் 9 யூனிட் சக்தி இருக்கு, எரிச்சா 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வருது, ஆனா அந்த 9ல கால்வாசி அளவு தான் சக்கரத்துக்குப் போகுது. மின்சார ஸ்கூட்டர் 100 கிலோமீட்டருக்கு 3 யூனிட் பக்கம் எடுக்குது, அப்ப ஒரு கிலோவாட் பேனலோட ஒரு நாள் கரண்ட்ல 100 கிலோமீட்டர் தாண்டலாம். பகல்ல வீட்ல வண்டி நிக்கற நாள்ல தான் சார்ஜ் போடறோம். ராத்திரி போட்டா அது பெரும்பாலும் நிலக்கரி கரண்ட்.

சமையலுக்கு இண்டக்‌ஷன். கேஸ் அடுப்புல சூட்டுல ஒரு நல்ல பங்கு பாத்திரத்துக்குள்ள போகாம சுத்தி வீணாப் போயிடும், இதுல 85 சதவீதம் பக்கம் உள்ள போகுது, அடுப்படியில வேர்வை பாதியா குறைஞ்சுடுச்சு, அதை வீட்ல சமைக்கறவங்க கிட்ட கேட்டா தான் அருமை தெரியும். காந்தம் ஒட்டற, அடி தட்டையான பாத்திரம் வேணும். கேஸை முழுசா விடல, கரண்ட் போற நேரத்துக்கு சிலிண்டர் இருக்கு.

இவ்ளோ பண்ணாலும் ஒரு விஷயத்துல கண்ணு வச்சுட்டே இருக்கணும். பேனல் மாட்டின புதுசுல, நம்ம கரண்ட் தானேன்னு ஆளில்லாத ரூம்லயும் ஏசி ஓட ஆரம்பிச்சுது. ஜெவன்ஸ்னு ஒரு இங்கிலாந்து பொருளாதார நிபுணர் 1865லயே இதை சொல்லிட்டார், நீராவி எஞ்சின் கம்மி நிலக்கரியில ஓட ஆரம்பிச்சப்ப மொத்த நிலக்கரி செலவு குறையாம ஏறத்தான் செஞ்சுதுன்னு. நாம வீணாக்கற ஒவ்வொரு யூனிட்டும் கிரிட்டுக்குப் போய் பக்கத்து வீட்டுக்கு உதவியிருக்கும், அங்க நிலக்கரி குறைஞ்சிருக்கும். அதை வீட்ல எல்லாரும் உக்காந்து பேசின பிறகு தான் பழக்கம் மாறுச்சு. இப்ப வாஷிங் மெஷின், மோட்டார், வெந்நீர் எல்லாம் மத்தியானத்துக்கு டைமர் போட்டு மாத்திட்டோம்.

வாடகை வீடு, மொட்டைமாடி நம்மளுது இல்லன்னு விட்டுடாதீங்க. ஃபேன், எல்இடி, இண்டக்‌ஷன், ஸ்கூட்டர் எல்லாமே வீடு மாறும்போது கூடவே வரும், ஃபேனை மட்டும் பழசைத் திரும்ப மாட்டிக் குடுத்துட்டு எடுத்துட்டுப் போங்க.