கேனான் 50 மி.மீ. எஃப்/1.8 எஸ்டிஎம் லென்ஸ்: மூன்று ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

கேமராவோடு சேர்ந்து வரும் 18-55 மி.மீ. கிட் லென்ஸில் கொஞ்ச காலம் பழகிவிட்டு, அடுத்து எந்த லென்ஸ் வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் தயக்கமின்றிச் சொல்வது கேனானின் 50 மி.மீ. எஃப்/1.8 எஸ்டிஎம் லென்ஸைத்தான். மி.மீ. எண் கூடினால் காட்சி நெருங்கித் தெரியும்; எஃப் எண் குறைந்தால் ஒளி புகும் துளையான அப்பர்ச்சர் அகலமாகத் திறக்கும்; எஸ்டிஎம் என்பது ஃபோகஸை நகர்த்தும் மோட்டாரின் வகை. 2015-இல் வெளிவந்த இந்த லென்ஸை ஏபிஎஸ்-சி எனப்படும், முழு அளவை விடச் சிறிய சென்சார் உள்ள டிஎஸ்எல்ஆர் கேமராவில் மூன்று ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். 1990-இல் வந்த முந்தைய வடிவத்தில் கேமராவோடு பொருந்தும் வளையம் பிளாஸ்டிக்கில் இருந்தது; இதில் அது உலோகம். அப்பர்ச்சரைச் சுருக்கி விரிக்கும் இதழ்கள் ஐந்திலிருந்து ஏழாகியுள்ளன. ஃபோகஸ் செய்யக்கூடிய மிகக் குறைந்த தூரமும் 45 செ.மீட்டரிலிருந்து 35 செ.மீட்டராகச் சுருங்கியுள்ளது. எடை 160 கிராம்தான் என்பதால் கழுத்தில் மாட்டிக்கொண்டு நாள் முழுதும் அலைந்தாலும் சுமையாகத் தெரிவதில்லை.

மாலை ஆறு மணிக்கு மேல் அத்தை வீட்டு நிலைப்படியருகே உட்கார்ந்து மல்லிகைச் சரம் தொடுப்பார். கிட் லென்ஸின் 55 மி.மீட்டரில் அப்பர்ச்சர் எஃப்/5.6-க்கு மேல் திறக்காது. ஷட்டர் வேகத்தை 1/50 நொடியில் வைத்தால் ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. 6400 வரை ஏறி, படம் முழுவதும் மணல் தூவியது போலாகிவிடும். எஃப்/1.8 அதைப் போல ஏறத்தாழப் பத்து மடங்கு ஒளியை உள்ளே விடுவதால், அதே ஷட்டர் வேகத்தில் ஐ.எஸ்.ஓ. 640 போதுமானதாகிவிட்டது. நனைத்த வாழைநார் அத்தையின் ஆள்காட்டி விரலைச் சுற்றிப் போவதும், எதிரெதிராக வைத்த மொட்டுகளின் காம்பில் அது முடிச்சாக விழுவதும் முதன்முறையாகத் தெளிவாகப் பதிந்தன.

ஆனால் அந்த முதல் மாலையில் எடுத்த படங்களுள் பாதிக்கு மேல் வீணாயின. ஒரு மீட்டர் தூரத்தில் எஃப்/1.8 வைத்தால், முன்னும் பின்னுமாகச் சேர்த்து இரண்டரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான ஆழம் மட்டுமே கூர்மையாக விழும்; 35 செ.மீட்டருக்கு நெருங்கினால் அது இரண்டு மில்லிமீட்டர் அளவுக்குக் குறைந்துவிடும். ஃபோகஸ் எங்கே விழவேண்டும் என்பதை கேமராவிடம் விட்டதால், அது அருகிலிருந்த பூப்பந்தைப் பிடித்துக்கொண்டு முகத்தைக் கோட்டைவிட்டது. ஒற்றைப் புள்ளி ஃபோகஸுக்கு மாறி, அந்தப் புள்ளியை நமக்கு அருகிலுள்ள கண்ணின் மீது வைத்து, அப்பர்ச்சரை எஃப்/2.8-க்குக் கொண்டுவந்த பிறகே நம்பி எடுக்க முடிந்தது. படத்தின் ஓரங்களில் தெரியும் மென்மையும் அந்த அளவில் பெரிதும் சரியாகிவிடுகிறது.

ஜூம் இல்லையே என்று பலர் இதனை ஒதுக்குகிறார்கள். எனக்கோ இதன் மதிப்பே அங்கேதான் இருக்கிறது. ஜூம் வளையம் கையில் இருந்தவரை உட்கார்ந்த இடத்திலிருந்தே வளையத்தைத் திருகிப் படமெடுத்துக்கொண்டிருந்தேன். வளையம் இல்லாதபோது எழுந்துதான் ஆகவேண்டும். எழுந்து நின்று பார்த்தபோதுதான் அத்தையின் தலைக்குப் பின்னால் ஸ்விட்ச் போர்டு கொம்பு முளைத்தது போல நிற்பது கண்ணில் பட்டது. அரையடி இடப்புறம் நகர்ந்ததும் அது கதவுக்குப் பின்னே மறைந்தது. லென்ஸ் அவர் கைகளின் உயரத்துக்கு வரும்படி முழங்காலிட்டதும், வாசல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்து விரல்களுக்கு ஒரு திரட்சி கிடைத்தது. முகத்தை நட்டநடுவில் வைக்காமல், திரையின் மூன்றிலொரு பங்குக் கோடுகள் சந்திக்கும் இடத்தில் மேல் இடப்புறமாக வைத்து, அவர் பார்வை இறங்கும் வலப்புறத்தில் பூக்கூடைக்கு இடம் விட்டேன். படத்திலிருந்து எதை விலக்குவது என்று யோசிக்கும் பழக்கம் எனக்கு அன்று தொடங்கியதுதான்.

லென்ஸ் வாங்கிய கடையில் பாதுகாப்புக்கென்று லென்ஸின் முன் மாட்டும் கண்ணாடியான மலிவான யூ.வி. ஃபில்டர் ஒன்றையும் வற்புறுத்தித் தலையில் கட்டினார்கள். கார்த்திகை தீபத்தன்று எடுத்த படங்களிலெல்லாம் ஒவ்வொரு சுடருக்கும் எதிர்ப்புறத்தில் பச்சைப் புள்ளி ஒன்று மிதந்தது. ஃபில்டரைக் கழற்றி எடுத்துப் பார்த்ததும் புள்ளிகள் காணாமற்போயின; அந்த ஒரு மாலையின் படங்களைத்தான் மீட்க முடியவில்லை. ஃபோகஸ் செய்யும்போது இந்த லென்ஸின் முன்பகுதி நீண்டு வெளியே வருவதால், அடிபடாமல் இருக்க ஃபில்டரை விட, லென்ஸின் முன்னால் பொருந்தும் ஹூட் என்ற வளையத்தை வாங்கி மாட்டுவதே மேல்.

வீடியோவுக்கு இது பாதி நல்லது. எஸ்டிஎம் மோட்டார் ஃபோகஸை இழுவையின்றி மாற்றுகிறது. அமைதியான அறையில் மட்டும் கேமராவின் மைக்கில் மெல்லிய சத்தம் பதியும். ஆனால் அதிர்வைக் குறைக்கும் வசதி லென்ஸில் இல்லை. ஏபிஎஸ்-சி கேமராவில் இது, முழு அளவு சென்சாரில் 80 மி.மீ. லென்ஸ் தரும் நெருக்கத்தைக் காட்டுவதால் கையின் சிறு நடுக்கமும் பெரிதாகத் தெரியும். ட்ரைபாட் இல்லாவிட்டால் முழங்கைகளை விலாவோடு ஒட்டி, சுவரில் சாய்ந்து, ஒவ்வொரு ஷாட்டையும் பத்து நொடியாவது அசையாமல் பிடிக்கவேண்டும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், நொடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் வேகம் 1/50 நொடி என்று அமைத்தால் டியூப்லைட் வெளிச்சத்தில் திரை துடிக்காது. அதே அமைப்பில் பகல் வெயிலில் அப்பர்ச்சரைத் திறந்தால் எல்லாம் வெளுத்துவிடும். அதற்கு இந்த லென்ஸின் முன்பகுதிக்குப் பொருந்தும் 49 மி.மீ. அளவில் ஒரு என்.டி. ஃபில்டர் தேவைப்படும். கறுப்புக் கண்ணாடி போல அது ஒளியை மட்டும் குறைத்துத் தரும்.

குடும்ப விழாக்களைப் படமெடுப்பதற்காக மட்டும் வாங்க நினைப்பவர்களுக்கு இதனைப் பரிந்துரைக்கமாட்டேன். எங்கள் கூடத்தில் சுவரோடு ஒட்டி நின்றாலும் நான்கு மீட்டருக்கு மேல் விலக முடியாது. அந்தத் தூரத்தில் ஆறடி அகலம் மட்டுமே படத்துக்குள் அடங்குவதால், ஏழடி அகலக் கொலுப்படியின் இரு ஓரங்களும் சென்ற ஆண்டு வெட்டுப்பட்டுப் போயின. அத்தகைய இடங்களுக்குக் கேனானின் 24 மி.மீ. எஃப்/2.8 எஸ்டிஎம் பொருந்தும். அதே சுவரோரத்திலிருந்து பன்னிரண்டடி அகலத்தைக் காட்டும். இந்த நவராத்திரிக்கு அதனை நண்பரிடம் இரவல் கேட்டு வைத்திருக்கிறேன். படியில் வைத்த ஒவ்வொரு பொம்மையையும் தனித்தனியே எடுக்க 50 மி.மீ. இருக்கிறது.