கல்வியியற் கல்லூரி இணைய விண்ணப்பம்: அனுப்புவது சுலபம், தெரிவாவது வேறு விடயம்

ஆசிரியர்களைப் பயிற்றும் தேசிய கல்வியியற் கல்லூரிகளுக்குக் கல்வி அமைச்சு நடத்தும் இணைய விண்ணப்பச் சேவைக்கு ஐந்தில் மூன்று புள்ளி தரலாம். படிவத்தை நிரப்பி, பதிவுத் தபாலில் போட்டுவிட்டு, போய்ச் சேர்ந்ததோ என்று தவிக்கிற காலம் போய்விட்டது. அடையாள அட்டை, உயர்தரச் சுட்டெண், பெறுபேற்றுத் தாள் கையில் இருந்தால் ஒரே இருப்பில் அனுப்பிவிடலாம். குறைகிற இரண்டு புள்ளியும், கொழும்பில் தமிழ்மூலம் படித்த பிள்ளைகள் இடறுகிற இடங்களுக்காக.

தெரிவு உயர்தரப் பரீட்சையில் பெற்ற இசட் புள்ளிப்படிதான். ஆனால் எல்லோரும் ஒரே வரிசையில் நிற்பதில்லை. பாடநெறி, மொழிமூலம், வதிவிடம் என்று வரிசை பிரிகிறது. ஆரம்பக் கல்விக்கு எந்தத் துறையில் படித்தவரும் வரலாம், அதனால் நெரிசல் அதிகம். கணிதம், விஞ்ஞானத்துக்கு அந்தப் பாடங்களை உயர்தரத்தில் செய்தவர்களே வர முடியும். இது தெரியாமல் கல்லூரி வீட்டுக்குக் கிட்ட இருக்க வேண்டும் என்று பார்த்துப் பாடநெறியைப் போடுகிறார்கள். கல்லூரிகள் இருக்கிற பத்தனை, வவுனியா, கோப்பாய் எல்லாம் கொழும்புக்குத் தூரந்தான். ஆனால் விடுதியில் இருப்பது இரண்டு வருடம், மூன்றாம் வருடம் பாடசாலையில் கற்பித்துப் பழகும் கட்டுறுப் பயில்வு. பாடமோ ஓய்வு பெறும்வரை கூட வரும். முதல் விருப்பத்தில் உண்மையாகவே கற்பிக்க விரும்பும் பாடத்தைப் போடுங்கள்.

கொழும்புக்கே உரிய சிக்கல் வதிவிடம். வெள்ளவத்தையில் வாடகை வீடு, வாக்காளர் இடாப்பில் பெயர் ஊரில். படிவத்தில் திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகப் பிரிவைத் தெரிந்துவிட்டு, நேர்முகத்தில் யாழ்ப்பாணத்து இடாப்புப் பிரதியை நீட்டினால் அங்கேயே சிக்கல். கொட்டாஞ்சேனைக்காரர் கொழும்பு பிரதேச செயலகத்துக்கு உரியவர், அதையும் மாற்றிப் போடுகிறார்கள். இடாப்புப் பிரதியையும் கிராம உத்தியோகத்தர் சான்றிதழையும் முதலில் எடுத்து, அவற்றில் உள்ளபடியே படிவத்தை நிரப்புவதுதான் சரியான ஒழுங்கு.

அடுத்தது பெயர். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் வேறு எழுத்து என்பது நம்மிடையே சாதாரணம். சிலருடைய பிறப்புச் சான்றிதழில் பெயரே பதியப்பட்டிருக்காது. அழைப்புக் கடிதம் வந்தபிறகு ஓடித் திரிய நேரம் போதாது. இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்ற சத்தியக்கடதாசியை சமாதான நீதவானிடம் முன்கூட்டியே எடுத்து வைப்பது நல்லது. பெயரே பதியப்படவில்லை என்றால் சத்தியக்கடதாசி உதவாது, பதிவாளரிடம் போய்த் திருத்த வேண்டும், அதற்கு நாள் எடுக்கும்.

கொமினிகேஷன் கடையில் கொடுத்து நிரப்புவதில் தவறில்லை. ஆனால் 'அனுப்பு' என்பதை அழுத்துமுன் திரையில் மூன்று இடத்தை விரலால் தொட்டுப் பாருங்கள்: கைபேசி இலக்கம், மின்னஞ்சல், மொழிமூலம். கடைக்காரரின் மின்னஞ்சல் போயிருந்தால் உங்களுக்கு வரவேண்டிய அறிவித்தல் அவருடைய பெட்டியில் கிடக்கும். அச்சுப் பிரதி இரண்டு எடுங்கள்.

சங்கீதம், நடனம், சித்திரம் கேட்டவர்களுக்குச் செயன்முறைத் தேர்வும் உண்டு. உயர்தரச் சித்தி மட்டும் போதும் என்று பயிற்சியை விட்டுவிட வேண்டாம்.

சேவையின் பெருங்குறை காலம். பரீட்சை எழுதி வெகுநாள் கழித்தே விண்ணப்பம் கோரப்படுகிறது, இரண்டு ஆண்டு மாணவர்களை ஒன்றாகச் சேர்த்ததும் உண்டு. அதற்குள் பலர் பல்கலைக்கழகம் போய்விடுவார்கள். முதல் பட்டியலில் பெயர் இல்லை என்று சிம்மை மாற்றிவிடாதீர்கள், வெற்றிடம் விழுந்தால் படிவத்தில் கொடுத்த இலக்கத்துக்குத்தான் அழைப்பார்கள்.