முதுகுத் துண்டுக்காகவே வாங்கலாம்: 1810களின் கவுனுக்கான ஒரு பேட்டர்ன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தப் பேட்டர்னை, அதாவது துணி வெட்டுவதற்கான இந்த அளவுத்தாளை, அதன் முதுகுத் துண்டுக்காகவே வாங்கலாம். முன்பக்கத்தை நம் உடம்புக்கு ஏற்றபடி நாமேதான் திருத்திக்கொள்ள வேண்டும். கூட வரும் செய்முறைக் குறிப்புகளை நம்பி உட்காரக் கூடாது. ஆனாலும் கொடுத்த பதினாறு டொலர் வீண்போகவில்லை.

மட்டக்களப்பில் எங்கள் திருச்சபை இளைஞர்கள் மெதடிஸ்த மிஷனரிமாரின் வருகையை நாடகமாக்குகிறார்கள். வில்லியம் ஓல்ட் 1814இல் இங்கே வந்ததும் மறு ஆண்டே இறந்ததும் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரிந்த கதை. அவரோடு கப்பலேறிய மனைவி கரை காணாமல் கடலிலேயே இறந்துபோனதை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. நாடகத்தின் முதல் காட்சி அந்தப் பெண்ணுடையது: 1813ஆம் ஆண்டின் கடைசி நாட்கள், இங்கிலாந்தில் ஒரு துறைமுகம், கடுங்குளிர். அவருக்கும் வழியனுப்ப வரும் பெண்களுக்கும் கவுன் தைக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது.

மேடையில் பழைய காலத்து வெள்ளைக்காரப் பெண் என்றால் இடுப்பை இறுக்கி, வளையம் வைத்து விரித்த பாவாடையை மாட்டிவிடுவதுதான் நம் வழக்கம். அந்த வளையப் பாவாடை 1850களில் வந்தது. 1814இல் இடுப்புக்கோடு மார்புக்குச் சற்றுக் கீழேயே இருந்தது. பாவாடை அங்கிருந்து நேராக விழுந்தது. ஒரு பெண்ணின் கடைசிப் பயணத்தைக் காட்டும் காட்சியில் நாற்பது வருடம் பிந்திய உடையை அவருக்குப் போட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. அதனால் தேடி வாங்கினேன்.

இது வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரிடம் இணையத்தில் வாங்குவது. பணம் கட்டியதும் கோப்பு வந்துவிடும். ஏ4 தாள்களில் எடுத்து ஒட்டலாம். ஆனால் ஒட்ட ஒட்டக் கோடு விலகும். வீட்டுப் பிளான் அச்சிடும் கடையில் பெரிய தாளில் எடுப்பதே நல்லது. அளவை மாற்றாமல் அப்படியே எடுக்கச் சொல்லுங்கள். மூலையில் இருக்கும் சோதனைச் சதுரத்தை அடிமட்டம் வைத்து அளந்த பிறகே கடையைவிட்டு வெளியே வாருங்கள். நூற்றுக்கு மூன்று வீதம் சுருங்கினாலே 36 அங்குல மார்பில் ஓர் அங்குலம் போய்விடும்.

இனி அந்த முதுகு. நாம் வெட்டும் பிளவுசில் தோள் தையல் தோளின் மேட்டில் இருக்கும். இதில் அது முதுகுப் பக்கமாக இறங்கிச் சரிகிறது. பக்கத் தையலும் கக்கத்துக்கு நேர் கீழே விழாமல் முதுகுக்குள் வளைந்து போகிறது. அதனால் நடு முதுகுத் துண்டு சிறுத்து, மேலும் கீழும் ஒடுங்கிய வைர வடிவமாகிறது. கவுனின் கைகள் முதுகுக்குள் ஏறி வந்து அதன் இரு பக்கமும் பொருந்துகின்றன. தாளில் பார்த்தபோது இது எந்தப் பெண்ணுக்கும் போதாது என்றே தோன்றியது. மாதிரித் துணியில் நூலோட்டிப் போட்டுப் பார்த்ததும், நடிக்கும் பிள்ளையின் நிற்கும் நிலையே மாறிவிட்டது. தோள் பின்னால் போய், கழுத்து நீண்டு தெரிந்தது. அந்தக் காலத்துப் படங்களில் உள்ள பெண்கள் ஏன் அப்படி நிற்கிறார்கள் என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது. மலிவான நாடக உடைப் பேட்டர்ன்களில் இந்த முதுகு கிடைக்காது. சாதாரணக் கவுனின் இடுப்பை மேலே ஏற்றிவிட்டுப் பழைய கவுன் என்று விற்கிறார்கள்.

கைக்குழி சிறியது, கக்கத்தை ஒட்டியே நிற்கும். “பிடிக்கிறது அக்கா” என்று பிள்ளை சொன்னதும் தையல்காரரின் கை தானாகக் கத்தரிக்கோலுக்குப் போகும், கக்கத்தில் அரை அங்குலம் தோண்டிவிட. தயவுசெய்து தோண்டாதீர்கள். கைக்குழி கீழே இறங்கினால், கையைத் தூக்கும்போது கவுனின் மேல்பாதியான மேற்சட்டை முழுவதும் கூடவே ஏறும். இடுப்புக்கோடு மார்பின் மேல் வந்து நிற்கும். கைக்குழியைத் தொடாமல் கையை மட்டும் பெருக்குங்கள். கைத் துண்டின் தாளை நடுவால் நீளமாக வெட்டி, மேலே முக்கால் அங்குலம் விரித்து, மணிக்கட்டில் விரிக்காமல், அடியில் தாள் ஒட்டிப் புதுக் கோடு போடுங்கள். கூடிவரும் துணியைக் கையின் பின்பக்கத்தில் சுருக்கிவிட்டால் பார்வைக்கும் அழகு. இப்படித் தைத்த கவுனைப் போட்டுக்கொண்டு எங்கள் பிள்ளை தலைக்கு மேலே கைக்குட்டையை ஆட்டி விடைபெறுகிறாள். இடுப்புக்கோடு இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

முன்பக்கம் ஏப்ரன் போலத் திறக்கும் அமைப்பு. பாவாடையின் முன்துண்டு இரு பக்கமும் பிளந்திருக்கும். உள்ளே லைனிங்கின் இரு மடல்களையும் மார்பின் குறுக்காக ஊசியால் பூட்டி, முன்துண்டைத் தூக்கித் தோளில் மாட்டி, நாடாவைச் சுற்றி முடிய வேண்டும். கொக்கி வேண்டாம், சிப் வேண்டாம். ஒரே கவுன் சற்றுப் பருத்தவருக்கும் மெலிந்தவருக்கும் போதும். நாடகக்காரர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆனால் நெஞ்சுத் துண்டின் உயரம் நம் பிள்ளைகளுக்கு அதிகம். அடியில் வெட்டிக் குறைத்தால் கீழ் வளைவு கெட்டு, பக்கத் தையல்கள் சந்திக்காமல் போகும். கைக்குழியின் நடு உயரத்தில் தாளைக் குறுக்காக அரை அங்குலம் மடியுங்கள். முன், பின், கை மூன்றிலும் அதே அளவு மடிக்க வேண்டும். முன்பக்கத்தை மட்டும் மடித்தால் கை பொருந்தாது. உயரத்தைக் கூட்டவும் குறைக்கவும் பாவாடையில் கோடு போட்டுக் காட்டியவர்கள் மேற்சட்டையை அப்படியே விட்டிருப்பது பெரிய குறை.

இன்னொன்று: இந்த அளவுகள், உள்ளே மார்பைத் தூக்கி நிறுத்தும் கட்டுச்சட்டை இருக்கிறது என்று வைத்துக்கொண்டு வரைந்தவை. அதன் பேட்டர்னைத் தனியாக விற்கிறார்கள், நான் வாங்கவில்லை. பொப்ளினை இரட்டையாக வைத்து, இடையில் வரிவரியாகப் பருத்திக் கயிறு செருகித் தைத்த கையில்லா உள்சட்டை போதுமானதாக இருந்தது. அது இல்லாமல் போட்டால் முன்பக்கம் தொய்ந்து, கவுன் இரவுச் சட்டையாகிவிடும்.

துணி விடயத்தில் நாம் கொடுத்துவைத்தவர்கள். அக்காலத்தில் இங்கிலாந்துப் பெண்கள் விரும்பி உடுத்த வெள்ளை மஸ்லினில் மிக மெல்லியது வங்காளத்திலிருந்து போனது. காற்றில் மிதக்கும் அந்த நெசவு இன்று கைக்கு எட்டாது. வழியனுப்பும் பெண்களுக்குக் காத்தான்குடியில் எடுத்த பருத்தி வொயில் அதற்கு அருகே வருகிறது. பிரயாணக் கவுனுக்கு மருதமுனைக் கைத்தறிப் பருத்தி எடுத்தேன். வெட்டுமுன் ஓர் இரவு நனைத்துக் காயவைக்க வேண்டும்; கைத்தறி சுருங்கும். பாவாடையின் விரிவு முழுவதும் நடு முதுகில் சில அங்குலத்துக்குள் அடங்க வேண்டும். இரண்டு வரி நூலோட்டி இழுத்து, ஊசி முனையால் ஒவ்வொரு சுருக்கத்தையும் நீவி நிறுத்தினால் கைத்தறி அப்படியே கேட்டு நடக்கும். பொலியெஸ்டர் கலந்த துணி அந்த இடத்தில் விறைத்துத் துருத்தி நிற்கும். மிச்சம் பிடிக்க நினைத்து அதை எடுக்காதீர்கள்.

குறிப்புகளைப் பற்றி நல்லதாகச் சொல்ல அதிகமில்லை. வெளித்துணித் துண்டுகளில் தையலுக்கான ஓரம் சேர்க்கப்பட்டிருக்கிறது. லைனிங் துண்டுகளில் இல்லை. இதை எங்கேயும் எழுதவில்லை. இரண்டு தாளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால்தான் தெரியும். எழுதிக் கேட்டதற்குப் பதிலும் வரவில்லை. கை பொருத்தும் படம் விரல் நகம் அளவே இருக்கிறது. பிளவுஸ் வெட்டத் தெரிந்தவர் சமாளிப்பார். இப்போதுதான் தையல் பழகுபவர் திண்டாடுவார்.

1814இல் தையல் இயந்திரம் புழக்கத்தில் இல்லை. உள் தையல்களை இயந்திரத்தில் ஓட்டி, கழுத்து, மணிக்கட்டு, அடிமடிப்பு மூன்றையும் கையால் தைத்தேன். மேடை வெளிச்சத்தில் கண்ணுக்குப் படுவது இவைதான்.

பேட்டர்னில் மிகச் சிறிய அளவு 32 அங்குல மார்பு. சிறு பிள்ளைகளுக்கு அதை அச்சில் சுருக்கி எடுக்க வேண்டாம். தோளும் முதுகும் பிள்ளைகளுக்கு அதே விகிதத்தில் சிறுப்பதில்லை. அவர்களுக்குக் கழுத்திலும் மார்புக்குக் கீழும் நாடா இழுத்துச் சுருக்கிய நேர் கவுன் போதும். அந்தக் காலத்துச் சிறுமிகளும் அதுபோலத்தான் உடுத்தார்கள். அதற்குப் பேட்டர்னே தேவையில்லை.