சார்ஜர் திரையைப் படம் எடுக்காமல் இடத்தை விட்டு நகராதீர்கள்

சித்திரை வெயிலில் தாம்பரத்திலிருந்து திருச்சிக்கு அப்பாவை மின்சாரக் காரில் அழைத்துக்கொண்டு போனேன். அப்பாவுக்கு 74 வயது, சர்க்கரை நோய் உண்டு, வேளை தவறாமல் சாப்பிட வேண்டும். உளுந்தூர்பேட்டையை நெருங்கியபோது பேட்டரியில் 21 சதவீதம் மிச்சம். அங்கே ஓர் உணவகத்தின் பின்புறம் 60 கிலோவாட் வேக சார்ஜர் இருப்பதாகவும் அதன் இரண்டு கன்களும் (வயரின் நுனியில் உள்ள, காரில் செருகும் பிடிகள்) காலியாக இருப்பதாகவும் சார்ஜர் நிறுவனத்தின் செயலி பச்சை நிறத்தில் காட்டியது. அப்பா சாப்பிட்டு எழுவதற்குள் 80 சதவீதம் ஏறிவிடும் என்று நம்பித்தான் வண்டியைத் திருப்பினேன்.

போய்ப் பார்த்தால் ஒரு கன்னின் வயரையே யாரோ அறுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். மிச்சமிருந்த ஒன்றைச் செருகினேன். குறைந்தது 500 ரூபாய் வாலட்டில், அதாவது செயலிக்குள் இருக்கும் முன்பணக் கணக்கில், போட்டால்தான் தொடங்குவேன் என்றது செயலி. வேறு வழியில்லாமல் போட்டேன். ஏறிய வேகமோ 30 கிலோவாட்டைத் தாண்டவில்லை. இதைப் பலர் கவனிப்பதில்லை: பலகையில் எழுதியிருப்பது மெஷினின் மொத்தத் திறன். இரண்டு கன்களுக்கும் பாதிப் பாதியாக மட்டுமே பிரித்துக் கொடுக்கும் மெஷின்களில், பக்கத்தில் வேறு வண்டி இல்லாவிட்டாலும் உங்களுக்குப் பாதிதான்.

அந்தப் பாதியும் ஏழு நிமிடம்தான் வந்தது. திரை உறைந்துபோனது, மின்சாரம் நின்றது. காரில் 29 சதவீதம். செயலியில் நிறுத்து என்று எத்தனை முறை அழுத்தினாலும் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கன்னும் காரை விட்டு வரவில்லை. சாவியால் கதவுகளைப் பூட்டிப் பூட்டித் திறந்த பிறகுதான் கழன்றது. காவலாளி ஓடி வந்து, "ரெண்டு நாளாக இப்படித்தான் ஐயா, வருகிறவர்கள் எல்லோரும் எங்களைத் திட்டிவிட்டுப் போகிறார்கள்" என்றார். அவர் மேல் என்ன தவறு? பழுதான மெஷினைச் செயலியில் பச்சையாகவே விட்டுவைத்தவர்கள் அல்லவா பதில் சொல்ல வேண்டும்!

நான் செய்த தவறு அடுத்தது. கன்னை எடுத்துவிட்டோமே, கணக்கு தானாக முடிந்துவிடும் என்று நினைத்துக் கிளம்பிவிட்டேன். ஏ.சி.யை அணைத்துவிட்டு, வியர்த்துக்கொண்டிருந்த அப்பாவைப் பார்க்கவே மனம் கூசியபடி, 18 கிலோமீட்டர் தள்ளியிருந்த இன்னொரு சார்ஜருக்கு மெதுவாக ஓட்டினேன். முதல் இடத்தைவிட்டு வந்து 40 நிமிடம் கழித்துக் கைப்பேசியில் பில் வந்தது. 16.4 யூனிட், யூனிட் 22 ரூபாய், 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 425 ரூபாய் 74 காசு. என் பேட்டரி 40 யூனிட். 8 சதவீதம் ஏறியது என்றால் 3.2 யூனிட். அதற்கு 83 ரூபாய்தான் ஆகும். மீதி 13 யூனிட் எந்த வண்டிக்குப் போனது, அல்லது எந்த வண்டிக்குமே போகவில்லையா, இன்றுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

வாடிக்கையாளர் சேவையில் கேட்டது ஒன்றே ஒன்று: "மெஷின் திரையின் படம் இருக்கிறதா?" இல்லை. காரின் திரையை எடுத்த படத்தை அனுப்பினேன், அது செல்லாது என்றார்கள். மூன்று முறை புகார் கொடுத்தேன். மூன்று முறையும் 'தீர்வு காணப்பட்டது' என்று குறுஞ்செய்தி அனுப்பி மூடிவிட்டார்கள்.

ஆகவே, தயவுசெய்து செருகியவுடன் ஒரு படம், நிறுத்தியவுடன் ஒரு படம் எடுத்துவிடுங்கள். யூனிட், நேரம், பரிவர்த்தனை எண் மூன்றும் படத்தில் தெரிய வேண்டும். திரை உறைந்திருந்தால் அந்த உறைந்த திரையையே எடுங்கள், காரின் சதவீதத்தையும் சேர்த்து. பில் கைக்கு வரும்வரை அங்கேயே நில்லுங்கள். வராவிட்டால், மெஷின் மேல் ஒட்டியிருக்கும் எண்ணை அங்கிருந்தே அழைத்து, கணக்கை மூடச் சொல்லுங்கள். கிளம்பும் முன் செயலியில் பச்சையைப் பார்ப்பதோடு நிற்காமல், அங்கே கடைசியாக யார் எப்போது சார்ஜ் செய்தார்கள் என்று பாருங்கள். முடிந்தால் உணவகத்துக்கே தொலைபேசியில் பேசிவிடுங்கள். முதல் சார்ஜர் கைவிட்டாலும் அடுத்ததற்குப் போய்ச் சேரும் அளவு பேட்டரியில் இருக்கும்போதே முதல் இடத்தை அடைந்துவிட வேண்டும். வயதானவர்களோ குழந்தைகளோ உடன் வந்தால் இதில் சமரசமே வேண்டாம். கன் கழலாமல் போனால் அவசரத்துக்கு இழுக்கும் கயிறு சில கார்களில் உண்டு. உங்கள் காரில் அது எங்கே என்று வீட்டிலேயே கையேட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

கடைசியில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். 19 நாளில் 342 ரூபாய் திரும்பி வந்தது. ஆனால் வங்கிக்கு வரவில்லை, அதே வாலட்டுக்கு. வாலட்டில் போட்ட பணத்தை வெளியே எடுக்க அவர்கள் விதி அனுமதிக்காதாம். இப்போது அதில் 416 ரூபாய் கிடக்கிறது. அதைச் செலவழிக்க நான் மறுபடி அவர்களுடைய சார்ஜருக்கே போக வேண்டும். போக மாட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. மனுவை எழுதிக்கொண்டிருக்கிறேன்.