எம்பி3 பிளேயரில் வில்லுப்பாட்டு திக்கினால்: நாள்பட்ட பயன்பாட்டில் தெரிந்தவை

நெல்லைச் சீமையில் மெமரி கார்டு பிளேயரில் ஓடுவது சினிமாப் பாட்டு மட்டும் இல்லை. கோயில் கொடைவிழாவில் ராமுழுக்கப் பாடிய சுடலைமாடன் கதை, முத்துப்பட்டன் கதை, கேசட்டிலிருந்து மாற்றிய காருகுறிச்சி அருணாசலம் நாகஸ்வரம் என்று மணிக்கணக்கில் நீளும் ஃபைல்களும் உண்டு. கோளாறும் அதற்கேற்ற மாதிரிதான் வருகிறது.

திக்கியதும் கார்டை ஃபார்மேட் போட்டுவிடாதீர்கள். எத்தனையாவது நிமிஷம், எத்தனையாவது நொடி என்று குறித்துக்கொண்டு அதே ஃபைலை மறுபடி ஓட்டுங்கள். அதே நொடியில் திக்கினால், கம்ப்யூட்டரில் இருக்கும் மூலப் பிரதியைக் கேளுங்கள். அதுவும் திக்கினால் ஃபைல் கெட்டது. சுத்தமாக ஓடினால் கார்டில் இருக்கும் பிரதி கெட்டது. தடவைக்குத் தடவை இடம் மாறினால் பேட்டரி, சூடு, அல்லது கார்டு சரியாகத் தொடாதது. ஹெட்ஃபோன் ஒயரை அசைத்தால் மட்டும் என்றால் ஹெட்ஃபோன் செருகும் ஜாக் அல்லது அந்த ஒயர்.

நீளமான ஃபைலில் அதிகம் படுத்துவது விபிஆர். பிட்ரேட் (ஒரு நொடி ஒலிக்கு ஆகும் தரவு அளவு) ஏறி இறங்கும் இந்த வகை எம்பி3-யில் மொத்த நீளத்தைச் சொல்லும் தலைப்புப் பகுதி இல்லாவிட்டால், பல பிளேயர்கள் முதல் ஃப்ரேமின் (ஃபைலின் முதல் குட்டித் துண்டின்) பிட்ரேட்டை வைத்தே கணக்குப் போடும். ஆரம்பத்தில் மௌனம் இருந்தால் அந்த ஃப்ரேமின் பிட்ரேட் குறைவாக இருக்கும். ரெண்டு மணி நேரக் கதை ஆறு மணி நேரம் என்று காட்டும். முன்னே தள்ளினால் எங்கோ போய் விழும், விட்ட இடத்தில் தொடராது. கம்ப்யூட்டரில் ஃபூபார்2000 என்ற பாட்டு மென்பொருளில் ஃபைலை ரைட் கிளிக் செய்து, யுடிலிட்டீஸில் 'ஃபிக்ஸ் விபிஆர் எம்பி3 ஹெடர்' கொடுத்தால் ஒலித்தரம் மாறாமல் சரியாகும். புதிதாக மாற்றுகிறவர்கள் 128 கேபிபிஎஸ் சிபிஆரிலேயே (பிட்ரேட் மாறாத முறை) மாற்றுங்கள்: நிமிஷத்துக்குச் சுமார் 1 எம்பி, ஆறு மணி நேரக் கதை 350 எம்பிக்குள் அடங்கும். மணிக்கு ஒன்றாக வெட்டி வைப்பது இன்னும் நல்லது. ஒரு துண்டு கெட்டாலும் கதை முழுக்கப் போகாது.

கார்டு புதிதென்றால் முதலில் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற கார்டு சோதனை மென்பொருளில் முழுக் கொள்ளளவையும் எழுதிப் படித்துப் பாருங்கள். 64 ஜிபி என்று அச்சடித்து உள்ளே 8 ஜிபி மட்டும் இருக்கும் போலிகள் உண்டு. அந்த அளவைத் தாண்டிய பாட்டுகளில் இரைச்சலோ மௌனமோதான் வரும். 64 ஜிபி கார்டுகள் எக்ஸ்ஃபாட் என்ற ஃபார்மேட்டில் வரும். பழைய பிளேயர்கள் பலவும் ஃபாட்32 என்ற ஃபார்மேட்டை மட்டுமே படிக்கும். ஒரு பாட்டு நடுவே இன்னொரு பாட்டு கேட்டால் 'இஜெக்ட்' கொடுக்காமல் பிடுங்கியதன் விளைவு. மூலப் பிரதி கையில் இருக்கும்போது ஃபார்மேட் போட்டு மறுபடி ஏற்றுவது இந்த இடத்தில்தான் சரி.

ஆப்பிளின் மேக் கம்ப்யூட்டரில் ஏற்றினால் ஒவ்வொரு பாட்டுக்கும் புள்ளி, அடிக்கோட்டில் தொடங்கும் ஒரு குட்டி ஃபைலும் சேரும். பிளேயர் அதில் முட்டித் தாவும். அழித்துவிடுங்கள். தமிழ்ப் பெயர் குழம்பினால் பாட்டு விவரங்களைத் திருத்தும் எம்பி3டேக் மென்பொருளில் ஐடி3வி2.3, யுடிஎஃப்-16 என்று சேமித்துப் பாருங்கள். பெட்டி பெட்டியாகத் தெரிந்தால் பிளேயரில் தமிழ் எழுத்துருவே இல்லை. ஆங்கிலத்தில் பெயரிடுவதுதான் வழி.

பாடகர் குரல் மறைந்து, பக்கவாத்தியம் மட்டும் கிணற்றுக்குள் கேட்பதுபோல் வந்தால் ஹெட்ஃபோன் பின்னின் எர்த் (இரண்டு காதுக்கும் பொதுவான இணைப்பு) தொடவில்லை. திருச்செந்தூர், உவரி போன்ற கடற்கரை ஊர்களின் உப்புக் காற்றில் ஜாக் சீக்கிரம் பாசி பிடிக்கும். பிளேயரை அணைத்து, பல்குச்சியில் மெல்லிசாகப் பஞ்சு சுற்றி, 99% ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்துத் துடைத்து, பத்து நிமிஷம் உலரவிடுங்கள். சானிடைசர் வேண்டாம், அதில் தண்ணீரும் கிளிசரினும் இருக்கும். ஒரு காதில் மட்டும் கேட்டால் ஜாக்கைக் குறை சொல்லுமுன் வேறு பாட்டைப் போடுங்கள். மோனோ ஒயரில் மாற்றிய கேசட் இடது பக்கம் மட்டுமே பதிவாகியிருக்கும்.

30% காட்டும்போதே அணைந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது. சித்திரை வெயிலில் பைக் டேங்க் கவரில் வைக்காதீர்கள். 45 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கையில் சார்ஜும் போடாதீர்கள். பின்மூடி உப்பினால் அன்றே நிறுத்துங்கள். அழுத்தவோ குத்தவோ கூடாது. மாற்றுப் பேட்டரி 3.7 வோல்ட் லித்தியம் பாலிமர். மேலே 303040 என்றிருந்தால் 3 மிமீ கனம், 30 மிமீ அகலம், 40 மிமீ நீளம். பழையதில் மூன்று ஒயர் இருந்தால் பெரும்பாலும் மூன்றாவது சூட்டை அளப்பது; புதியதிலும் அது வேண்டும்.