சைரஸ் சர்வரில் அழிந்த ஷேர்டு ஃபோல்டரை மீட்பது: நண்பரின் கேள்விக்கு என் அனுபவம்

ஆபீஸில் எல்லாரும் பார்க்கிற ஷேர்டு ஃபோல்டரை யாரோ அழித்துவிட்டார்கள், சைரஸ் ஐமேப் என்கிற மெயில் சர்வரில் திரும்ப எடுக்க முடியுமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். முடியும். பல வருடமாக இந்த சர்வரோடு மல்லுக்கட்டுகிறவன் என்பதால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

'டெலீட் மோட்' அமைப்பு 'டிலேய்ட்' (தாமதம்) என்று இருந்தால், அழிக்கச் சொன்ன ஃபோல்டரை சைரஸ் உடனே அழிப்பதில்லை. பெயரை மாற்றி 'டெலீட்டட்' என்கிற தனிக் கிளைக்குள் ஒதுக்கிவிடும். பயனர்களுக்கு அது தெரியாது. நிர்வாகி உள்ளே போய் அந்தக் கிளையைப் பட்டியல் போட்டுப் பார்த்தால் இருக்கும், பழைய பெயருக்கு ரீநேம் செய்தால் போதும், மெயில்கள் பதில் போட்ட குறி, நட்சத்திரக் குறியோடு வந்துவிடும். பேக்கப்பைத் தொடவே வேண்டாம். முதல்முறை இதைப் பார்த்தபோது எனக்கு அவ்வளவு நிம்மதி.

ஆனால் அந்தப் பெயர் இருக்கிறதே! ஒவ்வொன்றின் வாலிலும் அழித்த நேரத்தைப் பதினாறடிமான (ஹெக்ஸ்) எண்ணாக ஒட்டிவைக்கிறது. 66184527 என்று இருந்தால் அது உலக நேரப்படி 2024 ஏப்ரல் 11 இரவு 8.16 மணி. 1970 ஜனவரி 1 முதல் எண்ணிய விநாடிகள் அவை, நாமாகப் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது, மாற்றித்தான் பார்க்கவேண்டும். ஒரே பெயரில் இருமுறை ஃபோல்டர் உண்டாக்கி அழித்திருந்தால் எது எது என்று இந்த வாலை வைத்துத்தான் பிரிக்கவேண்டும். அதைவிட எரிச்சல் என்னவென்றால், மெயில் மென்பொருளில் ஒருவர் பெரிய ஃபோல்டரை அழித்தால் அது உள்ளே இருக்கும் சின்ன ஃபோல்டர்களை ஒன்றொன்றாக அழித்துக்கொண்டே போகும், ஒவ்வொன்றுக்கும் தனி வால். கிளை முழுக்க மீட்க வேண்டுமென்றால் ஒவ்வொன்றாக ரீநேம் செய்யவேண்டும், இல்லையென்றால் ஸ்கிரிப்ட் எழுதவேண்டும். பதற்றத்தில் இருக்கிற நிர்வாகிக்கு இந்த வேலையைக் கொடுப்பது நியாயமே இல்லை.

சரி, ஃபோல்டர் அப்படியே இருந்து உள்ளே இருந்த மெயில்கள் மட்டும் போயிருந்தால் அது வேறு கதை. அதற்கு 'அன்எக்ஸ்பஞ்ச்' என்று தனிக் கருவி உண்டு, மெயில்களை நீக்குவதற்கான 'எக்ஸ்பஞ்ச் மோட்' அமைப்பும் 'டிலேய்ட்' என்று இருந்தால் அதுவும் வேலை செய்யும்.

அப்புறம் அனுமதி. ஒவ்வொரு உரிமைக்கும் ஓர் ஆங்கில எழுத்து உண்டு. 2005-இல் வந்த ஆர்எஃப்சி 4314 என்கிற இணையத் தரநிலை ஆவணம் ஃபோல்டரை அழிக்கிற உரிமையை 'எக்ஸ்' (x) என்று தனியாகவும், மெயிலில் அழிப்புக் குறி போடுகிற உரிமையை 'டி' (t) என்று தனியாகவும் பிரித்துவிட்டது. எல்லாருக்கும் எல்லா எழுத்தையும் அள்ளிக் கொடுக்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. ஷேர்டு ஃபோல்டரில் 'எக்ஸ்' ஓரிருவருக்கு மேல் தேவையே இல்லை.

இத்தனை புகாருக்குப் பிறகும் நான் வேறு சர்வருக்கு மாறமாட்டேன். ஆனால் சர்வர் பார்த்துக்கொள்ள முழுநேர ஆள் இல்லாத இடத்துக்கு இதைப் போடச் சொல்லவும் மாட்டேன்.

நண்பருக்கு அவசரமாக ஒன்று: பழையதைத் துடைக்கிற 'சைர் எக்ஸ்பயர்' வேலை உங்கள் சர்வரில் தினமும் ஓடிக்கொண்டிருக்கும். அதில் குறித்திருக்கிற நாள் தாண்டினால் 'டெலீட்டட்' கிளையிலும் ஒன்றும் மிஞ்சாது, பிறகு பேக்கப்தான். வேறெதையும் தொடும் முன்பு அதை நிறுத்திவையுங்கள்.