தெருச் செலவு யார் தலையில்: ஸ்பெஷல் அசெஸ்மென்டா, வீல் டாக்ஸா?

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் நாங்கள் இருக்கும் ஊரில், தெருக்களைப் புதுப்பிக்க இப்போது வாங்கும் ஸ்பெஷல் அசெஸ்மென்டைத் தொடரலாமா, இல்லை அதை எடுத்துவிட்டு வீல் டாக்ஸ் போடலாமா என்று கருத்துக் கேட்டார்கள். நான் வீல் டாக்ஸ் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். சொந்த வீடு இருப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கருத்துச் சொல்ல வேண்டும் என்பதால் இதை எழுதுகிறேன்.

அசெஸ்மென்ட் என்றால், ஒரு தெருவைப் பெயர்த்துப் போடும் செலவில் ஒரு பங்கை அந்தத் தெருவில் சொத்து உள்ளவர்களிடமே வாங்குவது. பெரும்பாலும் மனையின் முகப்பு எத்தனை அடியோ அதை வைத்துப் பிரிப்பார்கள். வீல் டாக்ஸ் ஊரில் உள்ள வண்டிகளுக்கு வருடாந்திரப் பதிவுக் கட்டணத்தோடு சேர்ந்து வரும். இதே மாநிலத்து ஊர்களில் ஆப்பிள்டன் 2015இல் 20 டாலர் என்றும், கிரீன் பே 2019இல் 25 டாலர் என்றும் தொடங்கி, தெருவைப் புதுப்பிக்க அசெஸ்மென்ட் போடுவதை நிறுத்தின.

அசெஸ்மென்டில் மொத்தமாக ஆயிரக்கணக்கில் பில் வந்தால் வலிக்கும், மூலை மனைக்காரருக்கு இரண்டு பக்கமும் அடி, ஓய்வூதியத்தில் வாழ்பவர்கள் திணறுவார்கள். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சொத்து வரியையே கொஞ்சம் ஏற்றிவிடலாமே என்றால், இந்த மாநிலத்தில் ஊர் வசூலிக்கும் மொத்தச் சொத்து வரிக்கே சட்டம் உச்சவரம்பு வைத்திருக்கிறது, பெரும்பாலும் புதுக் கட்டடங்கள் வந்தால்தான் அது ஏறும். ஒவ்வொரு சொத்தும் எவ்வளவு போக்குவரத்தை உண்டாக்கும் என்று கணக்குப் போட்டுக் கட்டணம் வாங்கிப் பார்த்தது பியூகேனன் என்ற சிற்றூர். அதுவும் வரிதான், அதே வரம்புக்குள் அடங்கும் என்று மாநில உச்ச நீதிமன்றம் 2023இல் சொல்லிவிட்டது.

என்னை முடிவெடுக்க வைத்தது பராமரிப்பு. அசெஸ்மென்ட் போட வேண்டுமென்றால் அந்த வேலையால் அந்தச் சொத்துக்கு, ஊருக்கே பொதுவாகக் கிடைப்பதைத் தாண்டி, தனியாக ஒரு நன்மை கிடைத்தது என்று காட்ட வேண்டும். தெருவை முழுசாகப் பெயர்த்து, ஓரக்கல் வைத்து, புதுசாகப் போட்டால் அதைக் காட்டலாம். ஆனால் வெடிப்புகளில் தார் ஊற்றி அடைப்பதும், மேல் அடுக்கை மட்டும் சுரண்டிப் புதுத் தார் போடுவதும் உங்கள் வீட்டுக்கு என்ன தனி நன்மை தந்தது என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். ஆனால் தெருவின் ஆயுளை நீட்டுவது இந்தச் சின்ன வேலைகள்தான். வெடிப்பில் இறங்கிய தண்ணீர் குளிர்காலத்தில் உறைந்து, விரிந்து, இளகி, அடியில் இருக்கும் சரளையையே கெடுத்துவிட்டால் அப்புறம் மேலே எதைப் போட்டாலும் நிற்காது. அதாவது பணம் வரும் வழியே, தெரு நாசமாகும்வரை காத்திருந்து பெரிய வேலையாகச் செய் என்று ஊரைத் தள்ளுகிறது. போதாததற்கு, பில்லுக்குப் பயந்து தெருக்காரர்களே ‘எங்கள் தெரு இப்போதைக்கு வேண்டாம்’ என்று கூட்டத்தில் போய்ச் சொல்வார்கள், கவுன்சிலரும் தள்ளிப் போடுவார், சில வருடம் கழித்து அதே தெரு இன்னும் பெரிய செலவோடு வந்து நிற்கும். வருடா வருடம் பணம் வந்தால், எந்தத் தெரு எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்து வேலையை வரிசைப்படுத்தலாம், யாரும் தன் தெருவுக்கு எதிராகவே பேச வேண்டியதில்லை.

வீல் டாக்ஸில் நியாயமில்லாத இடமும் உண்டு. விஸ்கான்சின் சட்டப்படி கார்களுக்கும் 8,000 பவுண்டு வரையான டிரக்குகளுக்கும்தான் அது பொருந்தும். வண்டியின் ஒரு சக்கர அச்சில் விழும் எடை இரட்டிப்பானால் சாலைக்கு வரும் சேதம் சுமார் 16 மடங்கு என்பது 1950களின் இறுதியில் இல்லினாய் மாநிலத்தில் நடந்த சாலைச் சோதனையிலிருந்து வந்த கணக்கு. ஆக, அதிகம் கெடுக்கும் கனரக வண்டி தப்பிவிடுகிறது, பழைய கார் இரண்டு வைத்துக்கொண்டு வேலைக்குப் போகும் குடும்பம் இரண்டுக்கும் கட்டுகிறது. போன வருடம்தான் அசெஸ்மென்ட் கட்டி முடித்தவருக்கு இனி வீல் டாக்ஸும் என்றால் கோபம் வரத்தான் செய்யும், அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. தார் விலை ஏற ஏற இந்தப் பணம் பதினைந்து வருடம் கழித்தும் போதுமா என்பதையும் நான் உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

உங்கள் ஊரில் அசெஸ்மென்ட்தான் என்றால், வீடு விற்கும்போது, வாங்கும்போது, வரவிருக்கும் தெரு வேலையை விசாரித்து யார் கட்டுவது என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். தொகை தவறு என்று நினைத்தால் இங்கே 90 நாளுக்குள் நீதிமன்றம் போகலாம். ஆனால் வழக்கு நடக்கும்போதும் தவணையைக் கட்டிவிட வேண்டும், கட்டாவிட்டால் வழக்கே தள்ளுபடி.

வீல் டாக்ஸ் பணத்தைப் போக்குவரத்துக்குத்தான் செலவழிக்க வேண்டும் என்று மாநிலச் சட்டம் சொல்கிறது, ஆனால் போக்குவரத்து என்பதில் எதையும் அடக்கிவிடலாம். அதனால் தெருப் பராமரிப்புக்கும் புதுப்பிப்புக்கும் மட்டும் என்று ஊர் விதியிலேயே எழுத வேண்டும், அதே விதியில் அசெஸ்மென்டை நீக்குவதையும் சேர்க்க வேண்டும் என்று நான் கொடுத்த கடிதத்தில் கேட்டிருக்கிறேன்.